பல மருந்தும் ஒரு குளிசையும்: புற்றுநோய்ச் சிகிச்சை வரலாற்றில் ஒரு நோக்கு

புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் புதிய மருந்துகளைக் கண்டறிந்த வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மருந்துகளை நோயாளர் ஒழுங்காக உட்கொண்டனரா என்னும் வினா அவ்வரலாற்றில் காலந்தாழ்த்தியே இடம்பெற்றது. பல மருந்துகளை ஒரே குளிசையில் அடக்கும் முயற்சியை ஆராயுமிடத்து இவ்வுண்மை தெளிவாகின்றது.

கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு வழிகாட்டியது சயரோகமாகும். ஸ்ரெப்ரோமைசின் தனித்து வழங்கப்பட்டபோது கிருமிகள் விரைவில் அதனை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றன. பரா-அமினோ சலிசிலிக் அமிலத்தை அதனுடன் சேர்த்து வழங்கின் இவ்வெதிர்ப்பு பெரிதும் குறையும் என்பதை 1950 இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு காட்டியது. இதே தருக்கத்தைப் பின்பற்றியே ஐக்கிய அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் பிரை, எமில் பிறைறைக் ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறுவருக்கு நான்கு மருந்துகளை ஒருங்கே வழங்கினர்.

சயரோகம் புகட்டிய இரண்டாவது பாடம் சென்னையோடு தொடர்புடையது. 1956 இல் அங்கு அமைக்கப்பட்ட சயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் 193 நோயாளரை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றையோருக்குச் சுகாதார விடுதியிலும் 12 மாதங்கள் ஒரே மருந்துகளை வழங்கியது. வீட்டுச் சிகிச்சையின் பயன் விடுதிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகரானது என 1959 இல் அறிவிக்கப்பட்டது. ஆயின், மருந்தூட்டும் பொறுப்பு தாதியின் கையிலிருந்து நோயாளியின் கைக்கு மாறியதால் புதியதொரு கவலையும் பிறந்தது. ஆய்வாளர் சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணியும் பார்த்தனர். ஒன்றை உண்டு மற்றையதை விடுக்கும் நோயாளி மருந்தெதிர்ப்புக்கு இடமளிப்பார் என்ற அச்சமே பிற்காலத்தில் சயரோக மருந்துகள் ஒரே குளிசையாக்கப்பட்டமைக்கு முக்கிய காரணமாயிற்று. எச்.ஐ.வி. தொற்றுக்கான மூன்று மருந்துகள், நாளொன்றுக்கு ஒருமுறை உட்கொள்ளும் ஒரே குளிசையாக 2006 இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டன.

புற்றுநோய்த் துறை இப்பாதையில் பிந்தியே வந்தது. அதன் தொடக்ககால மருந்துகளுட் பல நாளத்தினூடாக ஏற்றப்பட்டவை. அவற்றை ஏற்றுபவர் வைத்தியசாலையினர் ஆதலின் நோயாளியின் மறதி அங்கு பெரும் பிரச்சினையாகவில்லை. மேலும், இம்மருந்துகளின் நச்சுத்தன்மை மிகுதியானது. ஒன்றன் அளவை மட்டும் குறைக்கவேண்டிய நிலை அடிக்கடி தோன்றும். ஒரே குளிசையில் அடங்கிய மருந்துகளை அவ்வாறு பிரித்தல் இயலாது.

எனவே முதலில் தோன்றிய கூட்டு மருந்துகள் வேறு நோக்கங் கொண்டவை. 1999 இல் யப்பானில் அங்கீகரிக்கப்பட்ட எஸ்-1 என்னும் மருந்தில் ரெகபூர், ஜிமெராசில், ஒற்றெராசில் என்பன உள்ளன. முதலாவது புற்றுநோயைத் தாக்கும். இரண்டாவது அது உடலில் சிதைவதைத் தடுக்கும். மூன்றாவது குடலைக் காக்கும். அமெரிக்காவில் 2020 இல் அங்கீகாரம் பெற்ற டெசிற்றபின்–செடாசூரிடின் குளிசையும் இத்தகையதே. டெசிற்றபினைச் சிதைக்கும் நொதியத்தைச் செடாசூரிடின் தடுப்பதனால், முன்னர் நாளத்தினூடாக ஏற்றப்பட்ட மருந்தை நோயாளர் வீட்டிலேயே விழுங்க முடிந்தது.

மருந்து வீட்டை அடைந்ததும் சென்னையில் எழுந்த வினா இங்கும் எழுந்தது. வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர் நாள்தோறும் விழுங்கும் மேர்கப்ரோபியூரினில் 95 சதவீதத்துக்குக் குறைவாக உட்கொண்டோரிடையே நோய் மீளும் அபாயம் உயர்ந்தமையை 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. சில குளிசைகள் தவறுவதும் உயிரோடு தொடர்புடைய விடயம் என்பது இதனாற் பெறப்படும்.

தனித்தனியே பயனளிக்கும் இரு மருந்துகளை நோயாளியின் சுமை குறையுமாறு இணைத்தமைக்கு, 2023 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அங்கீகரிக்கப்பட்ட நிராபரிப்–அபிராற்றெரோன் குளிசை தக்க சான்றாகும். முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயுற்றோருள், குறித்த மரபணு மாற்றம் உடையோருக்கு இது வழங்கப்படுகின்றது. அளவைக் குறைக்கும் பிரச்சினைக்கும் இதில் ஒரு வழி காணப்பட்டது. அபிராற்றெரோன் 500 மில்லிகிராமாகவே இருக்க, நிராபரிப் 100 மில்லிகிராம் கொண்டதும் 50 மில்லிகிராம் கொண்டதுமான இருவகைக் குளிசைகள் ஆக்கப்பட்டன. எனினும் பிரெட்னிசோனை நோயாளி இன்னமும் தனியே உட்கொள்ள வேண்டியுள்ளது.

ஒரே குளிசை எல்லாத் தடைகளையும் நீக்கும் எனக் கருதுதல் பொருந்தாது. இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் பின் எஸ்-1 மருந்தை ஓராண்டு வழங்கிய யப்பானிய ஆய்வு 2007 இல் வெளியாயிற்று. அதில் மருந்து பெற்றோருள் ஏறத்தாழ 66 சதவீதத்தினரே முழு ஆண்டும் அதனைத் தொடர்ந்தனர். மூன்று மருந்துகள் ஒன்றாயிருந்தும் மூவரில் ஒருவர் இடையில் நின்றனர். குளிசைகளின் எண்ணிக்கையை மருந்தாக்கற்கலை குறைக்கலாம். ஒவ்வாமை, வாந்தி, விலை, தனிமை என்பவற்றைக் குறைப்பதற்கு வைத்தியரும் குடும்பமும் அரசும் வேண்டும். வீடு தேடிச்சென்று மருந்தை எண்ணிய சென்னை ஆய்வாளர், மருந்தோடு மனிதரையும் நோக்கினர். அந்நோக்கின்றி ஒரு குளிசையின் பயன் முழுமை பெறாது.