சத்திர தருமத்தின் பழைய முறை

அன்னதானத்தினும் சிறந்த தருமம் இல்லையென்பது நம் நாட்டார் நெடுங்காலமாய்க் கொண்ட கொள்கை. ஆயினும், பசித்தவனுக்கு ஒருவேளை அன்னமிட்டு அனுப்பிவிடுவதோடு நம் முன்னோர் தங்கள் கடமை தீர்ந்ததென இருந்தனர் என்று கருதுவது பிழையாம். வீடின்றி வழியில் நிற்பவனுக்கு அன்னத்தோடு, தங்க இடமும், நோய்க்கு மருந்தும், அவனுக்குப் பின் அவன் மக்களுக்கு ஆதரவும் வேண்டுமென்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். இதற்குச் சரித்திரச் சான்றுகள் உள.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் பல சத்திரங்களை நிறுவி, அவற்றின் செலவிற்குக் கிராமங்களின் வருவாயை ஒதுக்கிவைத்தனர். இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் வருஷத்தில் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அவற்றின் நடைமுறையை விளங்கக் காட்டுகின்றது. எக்குலத்தாராயினும் வந்தவர் யாவர்க்கும் அன்னமிடப்பட்டது. சமைத்த அன்னம் கொள்ளாதார் அரிசியாகப் பெற்றனர். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ என்று கூவியழைத்து உணவளித்தனர். நோயுற்றவர்க்கு வைத்தியரும், மருந்தும், பத்திய உணவும் உண்டு. சத்திரத்திலேயே பிள்ளை பெற்ற பெண்டிர் மூன்று மாதம் வரை அங்கே தங்கலாம். கைக்குழந்தைகட்குப் பாலும் அளிக்கப்பட்டது. தாய் தந்தையற்ற பரதேசிக் குழந்தைகளை உபாத்தியாயர் பொறுப்பில் வைத்து, மூன்று வேளை உணவும், ஆடையும், எண்ணெய் ஸ்நானமும், விரும்பிய கல்வியும் தந்து, பின்னர் விவாகச் செலவையும் சத்திரமே ஏற்றது. இறந்தாரை அவரவர் முறைப்படி அடக்கஞ் செய்தலும் அதன் கடமையாயிருந்தது.

சென்னையிலும் இத்தகைய வரலாறொன்று உண்டு. ஹைதர் அலியின் படையெடுப்பால் நேர்ந்த பஞ்சத்தில், 1782ஆம் வருஷம், நகருக்கு ஓடிவந்த ஏழைகட்குக் கஞ்சி வார்க்கும் நிலையம் தோன்றிற்று. அதுவே மணியக்காரர் சத்திரம். அதனைச் சார்ந்து 1799இல் எழுந்த வைத்தியசாலையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே ஜனங்கள் அழைத்தனர். அதுவே இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1938இல் மருத்துவக் கல்லூரியும் அங்கே அமைந்தது. கஞ்சிக்கு வந்தவனுடைய பிணியையும் நோக்கியதன் பயன் இஃதன்றோ?

மேற்கூறியவை அரசரும் அரசாங்கமும் துணைநின்றவை. அரசரல்லாத ஸ்ரீ இராமலிங்க அடிகள் 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு நிலமளித்தனர். சாதி சமய பேதமின்றிப் பசித்தவர் யாவரும் அங்கு உண்டனர். அன்று மூட்டிய அடுப்பு, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தையும் கடந்து, இன்றுவரை அணையாதிருக்கின்றது.

இது நிற்க, நம் நிலையைச் சிறிது ஆராய்வோம். நம் சமூகத்துப் பெரியோர் எழுப்பிய சத்திரங்கள் பல இன்று கல்யாண மண்டபங்களாய் வாடகை ஈட்டுகின்றன. வருவாய் வேண்டுவதே, அதனைக் குறை கூறோம். ஆனால் அவ்வாடகை மீண்டும் மண்டபத்தை அலங்கரிப்பதற்கே செலவாகுமாயின், முன்னோர் எழுதிவைத்த தரும சாஸனத்தின் கருத்து யாதாயிற்று? 1 லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில், பெருநகரங்களில் வீடற்றோர்க்கு இடம் அமைக்க வேண்டுமென 2010இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட நேர்ந்தது. தெருவோரத்தில் உறங்குவோர் தொகை எத்தகையதென்பதற்கு அக்கட்டளையே சாட்சி.

ஆதலின் நம் மண்டபங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டொரு அறைகளையேனும் ஒழித்து, வாடகையில் ஒரு பங்கைத் தனிநிதியாக வைத்து, வாடகை கட்ட இயலாது வீடிழந்த குடும்பங்கட்கும், நோயாளியுடன் பட்டணம் வந்து தங்க இடமின்றித் தவிப்பார்க்கும் அவற்றை அளித்தல் வேண்டும். அவர் நம்மவரா பிறரா என்று வினவுதல் தகாது. நள்ளிரவில் மணியடித்தவர் யாருக்காக அடித்தார் என்பதை எண்ணிப் பார்க்குமாறு நம் சங்கத்து அன்பர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம்.