பாடு முறை: பழவேற்காட்டு மீன்பிடியில் சுற்றும் எண்ணும்

பசியாவரம் போன்ற மீனவக் கிராமங்கள் சூழ்ந்த பழவேற்காடு ஏரியில், நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்ளும் மரபே பாடு. இங்கு வட்டம் என்பது கோடல்ல, திரும்பி வரும் முறை. குழுக்கள் எத்தனையோ அத்தனை இடங்கள் இருந்து, ஒவ்வொரு குழுவும் நாளுக்கோர் இடம் நகர்ந்தால், ஒரு சுற்றில் எல்லாரும் எல்லா இடத்தையும் தொட்டுவிடுவர். ‘என் இடம்’ என்ற பேச்சுக்கே வழியில்லை.

இடம் சமமானாலும் நாள் சமமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீரோட்டத்தை நம்பிய வலைக்கு அமாவாசை, பௌர்ணமி நாள்கள் வேறு, அட்டமி வேறு. நிலவின் அரைச்சுற்றைப் பதினைந்து நாளாகக் கொண்டால், மூன்று நாளுக்கு ஒருமுறை வாய்ப்பு வரும் மூன்று நாள் முறையில் ஒருவருக்கு அதே ஐந்து திதிகளே திரும்பத் திரும்ப வாய்க்கும். நான்கு நாள் முறையிலோ அறுபது நாளில் பதினைந்தும் கிட்டும், 4-க்கும் 15-க்கும் 1 தவிரப் பொது வகுஎண் இல்லாததால். உண்மையில் அரைச்சுற்று சுமார் 14.77 நாள், ஆகவே மூன்று நாள் முறையின் ஓரவஞ்சனையும் மெல்ல நகர்ந்து கரையும். கணக்கால் தீராத குறை வேறு: பாடு உரிமை மரபுவழிப் பங்காளிகளுக்கே உரியது. உள்ளே சமத்துவம் தரும் அதே வட்டம், மற்ற மீனவருக்கு வேலி.