மேடை விளக்கும் அதை ஆளும் கையும்



கள்ளக்குறிச்சிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றிப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பழைய தென்னார்க்காட்டில் அடங்கியிருந்து, 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்து, 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய இந்நிலத்தில், திரௌபதி அம்மன் திருவிழாவையும் கூத்தையும் பிரித்துப் பேசுவது அரிது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது நினைவுகூரப்படும் அரவான் களப்பலியும் கூத்தர் விடிய விடிய ஆடிவரும் கதைகளுள் ஒன்றேயாம்.

கூத்தர் அணியும் முடியையும் புஜக்கட்டையையும் கூர்ந்து நோக்கியிருக்கிறீர்களா? மரத்தில் செதுக்கிய அவ்வணிகளின்மேல் சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் அவை பெரிதாகத் தோன்றா. இரவில், அசைந்தாடும் சுடரின் முன்னே அவற்றை அணிந்தவர் ஒரு சுற்றுச் சுழன்றால் போதும். ஒரு தீவட்டி நூறு தீவட்டியாகிவிடும். விளக்கைப் பெருக்க வழியில்லாத காலத்தில், வேடத்தைக் கொண்டே ஒளியைப் பெருக்கிய அறிவு அது. தீவட்டி பிடிப்பவர் அருகே வந்தால் வேடக்காரரின் முகம் துலங்கும், விலகினால் மங்கும். ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய காலடியில் இருந்தன. மேடை ஒளியை ஆண்ட முதல் மனிதர் அவர்தாம் என்று நான் சொல்வதுண்டு.

விளக்கின் அளவைக் காட்டிலும் அது நிற்கும் இடமே பெரிது என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் நீளம், அகலம், உயரம், மூவகைத் திரை ஆகியவற்றைக் கூறிவரும் இளங்கோவடிகள், விளக்கைப் பற்றியும் ஒரு குறிப்புத் தருகிறார். தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதவாறு விளக்குகள் அமைக்கப்பட்டனவாம். விளக்கு எத்தனை என்பதை அவர் பெரிதாகக் கருதவில்லை. நிழல் எங்கே விழும் என்பதே அவருடைய கவலை. இன்று மேடை ஒளி அமைப்போர் ஏணியின்மேல் நின்றுகொண்டு படும் கவலையும் அதுவே.

இடத்தை முடிவு செய்யலாம். எரிகின்ற சுடரைக் காட்சிக்கேற்ப மங்கச் செய்வது எவ்வாறு? இத்தாலி நாட்டுச் சபாட்டினி என்பவர் 1638-இல் எழுதிய நூலில் ஓர் உபாயம் கூறினார். மெழுகுவர்த்திகளுக்கு மேலே தகரக் குழல்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, வேண்டும்போது ஒருங்கே கீழே இறக்கி ஒளியை மூடுவது அம்முறை. பல விளக்குகளை ஓரிடத்திலிருந்து ஒரே கை ஆள வேண்டும் என்ற எண்ணம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. 1817-இல் லண்டன் நாடக அரங்குகளில் எரிவாயு விளக்கு வந்தபின் அவ்வெண்ணம் கைகூடியது. மேடையெங்கும் ஓடிய குழாய்கள் யாவும் ஒரு பலகையிலுள்ள திருகுகளில் வந்து கூடின. ஒரு திருகைத் திருப்பினால் ஒரு வரிசை விளக்கு முழுவதும் மங்கும்.

ஆனால் கையாளுபவருக்கும் சுடருக்கும் இடையே தூரம் வந்துவிட்டது. தீவட்டி அணைந்தால் பிடித்திருப்பவருக்கு உடனே தெரியும். குழாயின் கோடியில் என்ன நேர்ந்தது என்பது திருகின் அருகே நிற்பவருக்குத் தெரியாது. இந்தத் தூரம் எத்தகைய பழி வாங்கும் என்பதை 1881-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் வியன்னா நகரம் கண்டது. அங்கே ரிங் தியேட்டரில் நாடகம் தொடங்கும் முன் எரிவாயு விளக்குகளைத் தொலைவிலிருந்து மின்பொறியால் ஏற்ற முயன்றனர். விளக்குகள் பற்றவில்லை, வாயு மட்டும் கசிந்து பரவியது. மீண்டும் முயன்றபோது தீ மூண்டது. முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏன் பற்றவில்லை என்று நின்று பாராமல் மறுபடியும் பொத்தானை அழுத்துவது இன்றும் பலருக்கு உள்ள பழக்கமே.

அதே டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் லண்டன் சவாய் தியேட்டரின் மேடை முழுவதும் மின்விளக்கால் ஒளிபெற்றது. அதன் உரிமையாளர் டாய்லி கார்ட்டே என்பவர் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த மின்குமிழ் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி பற்றவில்லை. அவையோர் ஆரவாரித்தனர். இருபதே நாட்களுக்கு முன் வியன்னாவில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்த்தால் அவ்வாரவாரத்தின் பொருள் விளங்கும். சவாயின் கூடத்திற்கு அக்டோபர் மாதமே மின்னொளி வந்துவிட்டது. மேடை மட்டும் டிசம்பர் வரை காத்திருந்தது. மின்சாரம் ஆக்கும் இயந்திரத்தின் வலிமை போதாமையே காரணம். திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் திணறும்போது எனக்கு இச்செய்தி நினைவுக்கு வரும்.

நம் நாட்டிலோ மின்சாரம் நகரங்களில் நின்றுவிட்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும் பல்லாண்டுகள் சிற்றூர் இருளிலேயே இருந்தது. கூத்து மேடைக்குத் துணை நின்றது பெட்ரோமாக்ஸ் விளக்கு. 1910-இல் ஜெர்மனியில் தோன்றிய இவ்விளக்கு மண்ணெண்ணெயை ஆவியாக்கி, மேண்டில் என்னும் வலையை வெண்மையாக ஒளிரச் செய்வது. ஒளி மங்கினால் காற்று குறைந்ததா, நுண்துளையில் அடைப்பா, மேண்டில் கிழிந்ததா என்று அதைக் கையாண்டவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முதலில் காற்றடிப்பார், பின்னர்த் துளையைக் கம்பி முனையால் குத்துவார், மேண்டிலை மாற்றுவது கடைசியில்தான், ஏனெனில் அதற்குத்தான் காசு. பழுது பார்க்கும் கலையின் இலக்கணம் முழுவதும் இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

நகரத்து நாடகக் கம்பெனிகளின் வரலாறு வேறு. நவாப் ராஜமாணிக்கம் அவர்களும், பின்னாளில் ஆர். எஸ். மனோகர் அவர்களும் தந்திரக் காட்சிகளால் மக்களைக் கவர்ந்தனர். அதனை இங்கே விரிக்கவில்லை. ஒளியையே நாடகத்தின் மொழியாக்கியவர் என்று சொல்லத்தக்கவர் வங்காளத்துத் தபஸ் சென். 1959-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகம் அரங்கேறியது. நிலக்கரிச் சுரங்கத்துள் நீர் புகுந்து தொழிலாளரை மூழ்கடிக்கும் காட்சியை வெறும் ஒளியால் அவர் காட்டினார். மேடையில் ஒரு துளி நீரும் இல்லை.

அக்காலத்தில் ஒளியை மங்கச் செய்ய மின்தடைக் கம்பிச் சுருள்கள் பயன்பட்டன. அவற்றிலும் எளியது உப்புநீர்ப் பானை. உப்பு கரைத்த நீரில் இரு உலோகத் தகடுகள், ஒன்றை மேலே தூக்கினால் மின்னோட்டம் குறைந்து விளக்கு மங்கும், தாழ்த்தினால் ஒளிரும். இவ்வுபாயம் மேலைநாட்டிலும் நம் நாட்டிலும் கையாளப்பட்டதே. ஆயினும் மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கத் துணிய வேண்டாம். அந்நீரில் உயிரைக் கொல்லும் மின்சாரம் இருக்கிறது. 1947-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து இசனூர் என்பவர் மின்னணுக் குழல்களால் ஒளியைக் குறைக்கும் கருவி செய்தார். 1957-இல் தைரிஸ்டர் என்னும் சிறு பொருள் வெளிவந்தபின், நூறு கிலோ எடையுள்ள சுருள்களின் வேலையை உள்ளங்கையளவு கருவி செய்யத் தொடங்கியது. அது மின்னலையின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் சற்றுத் தாமதித்துக் கதவைத் திறக்கும். தாமதம் மிகுந்தால் ஒளி குறையும். நம் மின்சாரத்தில் இத்திறப்பு விநாடிக்கு நூறு முறை நிகழ்கிறது.

இனி ஒளிக் கட்டுப்பாட்டு மேசைக்கு வருவோம். 'லைட் போர்டு' என்று நாடகக்காரர் அழைப்பது இதனைத்தான். பழைய மேசையில் இரு வரிசைக் குமிழ்கள் இருக்கும். ஒரு வரிசை இப்போதைய காட்சிக்கு. அக்காட்சி நடக்கையில் அடுத்த வரிசையில் வரப்போகும் காட்சியை அமைத்து வைப்பர். காட்சி மாறும்போது முதல் வரிசை தாழ இரண்டாவது எழும். 1975-இல் நியூயார்க் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' என்னும் நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர் என்னும் அம்மையார், ஒளிநிலைகளை நினைவில் வைக்கும் கணிப்பொறி மேசையைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் அதுவே முதன்முறை.

நினைவில் வைக்கும் மேசைக்குக் கட்டளைகளை எழுதிவைப்பதே நிரல் அமைத்தல். ஒவ்வொரு நிலைக்கும் 'கியூ' என்று பெயர். அதற்கோர் எண்ணும், எத்தனை விநாடியில் மாற வேண்டும் என்ற காலமும் உண்டு. பல மேசைகள் மாற்றத்தை மட்டுமே குறித்துக்கொள்ளும் என்பதைத் தொடக்கக்காரர் மறந்துவிடுகின்றனர். மூன்றாவது கியூவில் நீல விளக்கை ஏற்றிவிட்டு, அதன்பின் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், பத்தாவது கியூவிலும் நீலம் எரிந்துகொண்டிருக்கும். இராவணன் அவையில் ஏன் நிலவொளி என்று திகைப்பார்கள். மேசை கெட்டுவிட்டது என்பார்கள். மேசை சொன்ன சொல் தவறவில்லை, இவர்கள்தாம் சொல்லவில்லை.

மேசையின் கட்டளை விளக்குகளுக்குச் செல்லும் மொழிக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியின் மேசையும் தன் கம்பெனி விளக்கோடு மட்டுமே பேசிவந்த குறையைப் போக்க 1986-இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பக் கழகம் இதை வகுத்தது. ஒரே கம்பியில் 512 எண்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை மதிப்புடையது. முழு வரிசையும் விநாடிக்கு ஏறத்தாழ 44 முறை திரும்பத் திரும்ப அனுப்பப்படும். ஒவ்வொரு விளக்கும் தன் முகவரியிலிருந்து தொடங்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கம்பியில் மேலே செல்ல விடும். இம்மொழியில் ஒரு பெருங்குறை உண்டு. மேசை பேசும்; விளக்கு பதில் பேசாது. பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. ஆதலால் வாணவேடிக்கை போன்ற ஆபத்தான பொருள்களை இதனால் இயக்கலாகாது என்று அவ்விதியே எச்சரிக்கிறது. பதிலும் பெறத்தக்க துணைமுறை 2006-இல்தான் வகுக்கப்பட்டது. எளிய விளக்குகள் பலவற்றில் இன்றும் அது இல்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆண்டுவிழா என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு எடுத்த ஆறு எல்.ஈ.டி. விளக்குகள், ஒரு சிறு மேசை. மாலை ஆறு மணி. ஒன்றும் எரியவில்லை. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திற்கு இறங்கி ஆள் அழைத்துவர நேரமில்லை. என்ன செய்வது?

பதறிப்போய் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினால் ஒரு பழுது ஐந்து பழுதாகும். முதலில் மேசையிலுள்ள தலைமைக் குமிழைப் பாருங்கள். அது கீழே தாழ்ந்திருந்தால் மற்ற குமிழ் எல்லாம் உயர்ந்திருந்தும் பயனில்லை. சிரிக்க வேண்டாம், தேர்ந்தவர்களும் இதில் சறுக்கியதுண்டு. அடுத்து விளக்கிற்கு மின்சாரம் வருகிறதா என்று அதன் முகப்பு எண்களைப் பாருங்கள். பின்னர் மேசையை மறந்து, விளக்கிலேயே உள்ள சோதனை நிலையால் அதனை எரியச் செய்யுங்கள். எரிந்தால் விளக்கு நலம். பழுது கட்டளை வரும் வழியில். வழி நெடிது, பாதியில் வெட்டிப் பாருங்கள். மேசையிலிருந்து முதல் விளக்கிற்கு நேரே ஒரு கம்பி போட்டால் அது பணிகிறதா? பணிந்தால் பழுது அதற்கப்பால்.

இப்போது ஐந்து விளக்குகள் பணிகின்றன; மூன்றாவது மட்டும் சிவப்புக்குப் பச்சை காட்டுகிறது. இது முகவரிப் பிழை. ஒரு விளக்கிற்கு ஆறு எண்கள் தேவையானால் முதல் விளக்கு 1-இலும், இரண்டாவது 7-இலும், மூன்றாவது 13-இலும் தொடங்க வேண்டும். யாரோ 12 என்று வைத்துவிட்டார்கள். ஆகவே அது பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. கடைசி இரு விளக்குகள் காரணமின்றித் துடித்தால் கம்பியின் கோடியைப் பாருங்கள். அங்கே 120 ஓம் தடையுள்ள முடிப்பான் இல்லையெனில் கட்டளை சுவரில் மோதிய எதிரொலிபோல் திரும்பி வந்து புதுக் கட்டளையைக் குழப்பும். ஒலிவாங்கிக் கம்பி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதைக் கொண்டு இணைத்திருந்தாலும் இத்துடிப்பு வரலாம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின்கம்பியைத் தொடுவதற்கு முன் இணைப்பைத் துண்டியுங்கள். மணி ஆறே முக்கால் ஆகுமுன் திரை தூக்கலாம்.

நேரம் மிஞ்சினால் ஒரு சிறு சோதனை. இன்று பல ஊர்களில் கூத்து மேடைக்கு மேலே வெள்ளை விளக்கைக் கட்டி விடுகின்றனர். அசையாத அவ்வொளியில் புஜக்கட்டையின் கண்ணாடிகள் உறங்குகின்றன. மேடையின் இருபுறமும் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் ஒவ்வொரு விளக்கை வையுங்கள். மதிப்பு 150-க்கும் 210-க்கும் இடையே ஒழுங்கின்றி ஏறியிறங்குமாறு பத்துப் பன்னிரண்டு கியூக்களை அரை விநாடி, முக்கால் விநாடி என்று மாறி மாறி அமைத்துச் சுழலவிடுங்கள். இரு விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கலாகாது. பிறகு ஒரு மாணவனைக் கட்டை கட்டி நடுவில் ஒரு சுற்றுச் சுழலச் சொல்லிப் பாருங்கள்.