ஏட்டில் நின்ற பெயர்கள்

தோற்றுவாய்

மன்னர்தம் குடிவழியை மாளிகைகளும் கல்லறைகளும் காத்து நிற்கும். ஏர் பிடித்தோர், தறி நெய்தோர், பிறர் வீட்டில் ஏவல் செய்தோர் ஆகியோரின் குடிவழியைக் காப்பது எது? இங்கிலாந்து நாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு விடை, ஊர்தோறும் தேவாலயப் பெட்டிகளில் உறங்கிய பழைய பதிவேடுகளே ஆகும். பிரித்தானியக் குடும்பங்கள் பல இன்று தம் முன்னோரைத் தேடி அவ்வேடுகளைப் புரட்டுகின்றன. அவை எவ்வாறு தோன்றின, எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைக் காண்பது, பெயரின் மீதும் சொல்லின் மீதும் பற்றுடையோர்க்குப் பயன் தருவதாகும்.

பங்கேடுகளின் பிறப்பு

1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கின் குருவானவரும் தம் பங்கில் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் பதிய வேண்டும்; அவ்வேட்டினை இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் காத்தல் வேண்டும் என்பதே அவ்வாணை. புதிய வரி விதிப்பதற்கான முன்னேற்பாடு இது என மக்கள் ஐயுற்றனர். வரிக்கு அஞ்சி வெறுக்கப்பட்ட ஏடே, பிற்காலத்தில் எளியோர் பலர்க்கு எஞ்சிய ஒரே நினைவுச் சின்னமாயிற்று.

1598இல், எலிசபெத் அரசியின் ஆட்சியில், பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்குமாறு பணிக்கப்பட்டது. அரசி அரியணை ஏறிய 1558 முதற்கொண்ட பதிவுகளைச் சிறப்பாகப் படியெடுக்குக என்று சொல்லப்பட்டமையால், பல ஊர்களில் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் கைவிடப்பட்டன. ஒரு சொல்லின் தளர்வினால் ஒரு தலைமுறையே ஏட்டிலிருந்து நழுவிற்று. 1642இல் மூண்ட உள்நாட்டுப் போர்க் காலத்திலும் பதிவுகள் பல ஊர்களில் சிதைந்தன. ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பப்பட்ட படிகளே, மூல ஏடு அழிந்த இடங்களில் ஆய்வாளர்க்குக் கைகொடுக்கின்றன.

ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் ஏடு

இத்தகைய ஏடுகளைப் படிக்கும் முறைக்கு ஷேக்ஸ்பியரின் குடும்பமே தக்க சான்று. ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலய ஏட்டில் அவர் திருமுழுக்குப் பெற்ற நாள் 1564 ஏப்ரல் 26 என்றுள்ளது. பிறந்த நாள் அதில் இல்லை. ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடுவது வழக்காறேயன்றிப் பதிவு அன்று. மூத்த மகள் சூசன்னாவின் திருமுழுக்கு 1583 மே 26. இரட்டையரான ஹாம்னெட், ஜூடித் ஆகியோரின் திருமுழுக்கு 1585 பிப்ரவரி 2. இதனை மூல ஏட்டில் தேடுவோர் 1584 என்னும் ஆண்டின் கீழ்க் காண்பர். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல் என்பதே காரணம். இதனை அறியாதவர், ஆண்டினை ஒன்று குறைத்துக் கணக்கிடும் பிழைக்கு ஆளாகலாம். ஹாம்னெட் 1596 ஆகஸ்ட் 11இல் அடக்கம் செய்யப்பட்டான். பதினோரு வயதில் ஒரே மகனை இழந்த தந்தையின் துயரம் ஏட்டில் ஒற்றை வரியாக நிற்கிறது.

கவிஞரின் திருமணப் பதிவு இன்னும் வியப்புக்குரியது. 1582 நவம்பர் 28இல் வூஸ்டர் ஆயர் அலுவலகத்தில் எழுதப்பட்ட பிணைப் பத்திரம், மணமகளை ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே என்கிறது. அதற்கு முந்தைய நாள் அதே அலுவலகத்தின் ஏடோ, டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வாட்லி என்கிறது. கவிஞர் கைவிட்ட காதலி ஒருத்தி இருந்தாள் என்று இதனைக் கொண்டு கதை புனைந்தோர் உளர். எழுத்தரின் கைப்பிழையே இஃது என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிபு. எழுதுகோல் ஒரு முறை தவறியதால், வாழாத பெண் ஒருத்தி நானூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறாள்.

பெருக்கற் குறி இட்ட கை

1754 முதல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், மணமக்களும் சான்றாளர்களும் ஏட்டில் கையொப்பம் இடவேண்டும் என விதித்தது. அதுவரை குருவானவர் எழுத்தில் மட்டும் வாழ்ந்த மக்கள், முதன்முறையாகத் தம் கையினாலேயே ஏட்டில் தோன்றினர். எழுதத் தெரியாதோர் ஒரு குறியினை இட்டனர்.

1782 ஆகஸ்ட் 18இல் பாட்டர்சீ ஊரின் தூய மரியாள் தேவாலயத்தில் கவிஞர் வில்லியம் பிளேக்கின் திருமணம் நடந்தது. மணமகள் காத்தரின் பூஷெர் ஏட்டில் இட்டது ஒரு பெருக்கற் குறி. பின்னர் அவர் கணவரிடம் எழுதப் படிக்கக் கற்றார்; பிளேக் தம் கவிதைகளைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டபோது அச்சுப் பணியிலும் வண்ணம் தீட்டுவதிலும் துணைநின்றார். 1827இல் கணவர் மறைந்த பின் 1831இல் தாம் மறையும் வரை அவர்தம் படைப்புகளைப் பேணி விற்று வந்தார். ஏடு காட்டுவது குறியினை மட்டுமே. அந்தக் கை பிற்காலத்தில் என்னென்ன செய்தது என்பதனை ஏடு அறியாது.

அரசின் கணக்குகள்

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855இலும், அயர்லாந்தில் முழுமையாக 1864இலும் இம்முறை வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இல் தொடங்கினும், நாடெங்கும் ஒவ்வொருவர் பெயரையும் குறிக்கும் முறை 1841இல்தான் வந்தது. அவ்வாண்டில் பதினைந்துக்கு மேற்பட்டோர் வயதினைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினர். 1851 முதல் வயது, உறவுமுறை, பிறந்த ஊர் ஆகியவை தெளிவாயின. பிறந்த ஊர் கிடைத்துவிட்டால் அவ்வூர்ப் பங்கேட்டின் பூட்டுத் திறக்கும். தெரிந்தவரிலிருந்து தெரியாதவரை நோக்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வதே இத்துறையின் முதல் விதி.

இழப்புகளும் சிறியனவல்ல. 1922இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, நூற்றாண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின. 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 1942இல் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தது. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. நூறாண்டு மறைவுக் காலம் முடிந்து 2022இல் வெளிவந்த 1921ஆம் ஆண்டின் கணக்கு, இதனால் தனிச் சிறப்புப் பெறுகிறது.

சென்னைக் கோட்டையின் ஏடு

பிரித்தானியக் குடும்பங்கள் சிலவற்றின் வேர் தமிழ்க் கரையிலும் உண்டு. 1680இல் திறக்கப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் கோட்டைத் தூய மரியாள் தேவாலயத்தின் திருமண ஏட்டில் முதற்பதிவு, அவ்வாண்டு நவம்பர் 4இல் எலிஹு யேல் என்பார் காத்தரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண்ணை மணந்த செய்தியாகும். இராபர்ட் கிளைவின் திருமணமும் 1753இல் அங்கேயே நடந்தது. சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

கம்பெனியார்க்கும் இந்நாட்டுப் பெண்டிர்க்கும் பிறந்த குழந்தைகளின் திருமுழுக்குப் பதிவுகளும் அவற்றில் உண்டு. தந்தையின் பெயரும் பதவியும் துலங்கும் பதிவுகள் பலவற்றில் தாயின் பெயர் இல்லை. சுதேசிப் பெண் என்னும் சொல்லோ வெற்றிடமோ நிற்கிறது. தம் பாட்டியைத் தேடிவரும் பிரித்தானியர் இவ்விடத்தில் நின்றுவிட நேர்கிறது. பெற்றவளுக்குப் பெயர் இருந்தது, அழைத்தோர் இருந்தனர், எழுதுவோர் இல்லை.

நிறைவுரை

இக்குறை கடல் கடந்த நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் திருமணப் பதிவுகளில் மணமக்களின் தந்தையர் பெயர் மட்டுமே நெடுங்காலம் இடம்பெற்றது. தாயர் பெயரும் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். 1837இல் தொடங்கிய பதிவு முறைக்கு அன்னையின் பெயரைக் கேட்டெழுத நூற்றெண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பழைய ஏட்டினைப் படிப்போர் எழுதப்பட்ட பெயரோடு அமைவதில்லை. பிழைபட்ட பெயரையும், பெருக்கற் குறியையும், வெற்றிடத்தையும் அவர்கள் அதே கவனத்துடன் படிக்கின்றனர். ஏடு விட்ட இடத்தில் நின்று, அங்கே ஒருத்தி இருந்தாள் என்று சொல்வதும் வரலாற்றின் கடனே ஆகும்.