கீசர் வாங்கப் போறீங்களா? எங்கே மாட்டணும்னு முதல்ல பாருங்க!

சென்னை:

மார்கழிக் குளிர் தொடங்கியதும் கடைகளில் கீசர் விசாரிக்க கூட்டம் வந்துவிடும். என்ன விலை, எத்தனை லிட்டர் என்று கேட்கும் பலர், எங்கே மாட்டுவது என்று கேட்பதில்லை. உயிருக்கு உலை வைப்பது அந்த இடம்தான்.

எத்தனை லிட்டர்?

பாத்திரம் கழுவ 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் போதும். வாளியில் பிடித்துக் குளிக்க 10 முதல் 15 லிட்டர், ஷவருக்கு 25 லிட்டர் வேண்டும். போர் தண்ணீர் உப்பு என்றால் உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க் நல்லது. காயிலில் உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும்.

கேஸ் கீசர் உள்ளே வேண்டாம்!

மூடிய பாத்ரூமில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றி விழுபவருக்கு தாழ்ப்பாளைத் திறக்கக்கூட தெம்பு இருக்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க. வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டு வரணும்.

கரண்ட் கீசர் என்றால்...

கெட்டியான சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், குழாய்க்குப் பக்கமாக மாட்டணும். தூரம் கூடினால் வரும் வழியிலேயே சூடு ஆறிடும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுதுன்னு அதை அடைக்கவே கூடாது. தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில், அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடித்துவிடும்.