பினாங்கு அபினிக் குத்தகையும் ஏலப் போட்டியும்

மந்தகாலத்தில் கட்டட ஒப்பந்தக்காரர்கள் டெண்டரில் அடிமாட்டு விலைக்கு இறங்கினால் அதைப் பேராசை என்று பழிக்கிறோம். பினாங்கின் அபினிக் குத்தகை வரலாறு அந்தத் தீர்ப்பை ஏற்க விடவில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய சில ஆண்டுகளிலேயே அபினி, சாராய விற்பனை உரிமைகள் குத்தகைக்கு விடப்பட்டன. பின்னாளில் அதிக வாடகை கேட்டவருக்கே அபினி உரிமை. குத்தகைதாரர் வங்காளத்துக் கச்சா அபினியைக் காய்ச்சி, புகைப்பதற்கான சண்டு ஆக்கி, கூலித் தொழிலாளர்களுக்குச் சிறு பொட்டலங்களாக விற்றார். அந்த ஏழைகளின் உடலை உருக்கிய காசுதான் பல ஆண்டுகள், பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி.

1907-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிதி நெருக்கடியால் வெள்ளீய விலை சரிந்தது, சுரங்கக் கூலிகளின் கை காய்ந்தது. விற்பனை சுருங்கினாலும் ஏலத்தில் ஒப்புக்கொண்ட வாடகை சுருங்காது. தெரிந்தே ஏற்றிக் கேட்டவர் நட்டப்பட்டால் அது அவர் பாடு என்பார்கள். அது பாதி உண்மைதான். ஆனால் ஏலத்தில் தோற்ற பணக்காரக் குழு சும்மா இருக்காது. ஆளும் படகும் வைத்திருந்த அது கள்ளச்சரக்கைக் கடத்தி வென்றவரின் சந்தையைக் குலைக்கும். ஆகவே உரிமையைக் கைவிடுவதும் ஆபத்து, அதிக விலைக்கு எடுப்பதும் ஆபத்து. இன்றைய ஒப்பந்தக்காரரும் ஆட்களும் இயந்திரங்களும் சும்மா கிடக்கும் செலவுக்கு அஞ்சியே நட்டக் கணக்கில் கையெழுத்திடுகிறார். ஏலத்தின் விதியை வகுத்ததோ அரசு. 1910 ஜனவரியில் குத்தகைமுறையை ஒழித்து, அபினி விற்பனையை அதுவே எடுத்துக்கொண்டது.