சஃபாரி: ஒரு மாணவியின் வினாவும் செரெங்கெட்டியின் வரலாறும்



ஆண்டு ஐந்து மாணவர்களுக்கு ஆப்பிரிக்க வனவிலங்குகளைப் பற்றிய படக்காட்சி ஒன்றைக் காட்டினேன். சிங்கங்களும் வரிக்குதிரைகளும் ஓடி மறைந்த பின்னர் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அங்கே மனிதர்கள் யாரும் இல்லையா?" என்று வினவினாள். இருக்கிறார்கள் என்று மட்டும் கூறி அமரச் செய்தேன். அவ்வினாவிற்குரிய முழு விடையை அன்று நான் அளிக்கவில்லை. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

'சஃபாரி' என்பது சுவாஹிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல்லாகும். அதன் வேர் அரபு மொழியின் 'சஃபர்'. மலாய் மொழியில் வழங்கும் 'முசாபிர்' என்பதும், கடல் கடந்து சென்றவரைத் தமிழ் முஸ்லிம்கள் அழைத்த 'சபராளி' என்பதும் அவ்வேரில் கிளைத்தவையே. கிழக்கு ஆப்பிரிக்காவில் இச்சொல் முதலில் வணிகக் கூட்டங்களின் நெடும்பயணத்தையே சுட்டியது. உள்நாட்டிலிருந்து யானைத் தந்தங்களைத் தலைச்சுமையாகச் சுமந்து கடற்கரைக்கு நடந்தவர்களின் பயணம் அது.

வெள்ளையர் ஆட்சியில் அச்சொல் வேட்டைக்குரியதாயிற்று. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய தியடோர் ரூஸ்வெல்ட் 1909ஆம் ஆண்டு மொம்பாசாவில் வந்து இறங்கினார். அருங்காட்சியகத்திற்கென மேற்கொண்ட அப்பயணத்தில் அவரும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்தது பிற்கால மாற்றமே. கென்யா 1977இல்தான் வேட்டையைத் தடை செய்தது.

இனி, தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டிக்கு வருவோம். முடிவின்றி விரியும் சமவெளி என்னும் பொருள்படும் மசாய் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மசாய் மக்கள் அங்குக் கால்நடை மேய்த்து வாழ்ந்தனர். 1890களில் வெக்கை நோய் என்னும் கொடிய மாட்டுநோய் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சூறையாடியது. மாடுகள் மடிந்தன, மாடுகளையே நம்பிய மக்கள் பசியால் மாண்டனர். காட்டெருமைகளும், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனமும் அந்நோய்க்குத் தப்பவில்லை. ஐரோப்பியர் பலர் அங்கு ஆளற்ற சமவெளியைக் கண்டார்கள் என்றால், அவ்வெறுமையில் ஒரு பகுதி இப்பேரழிவின் சுவடாகும்.

செரெங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. மசாய் மக்களையும் அவர்தம் மந்தைகளையும் என்ன செய்வது என்ற சிக்கல் எழுந்தது. 1959இல் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. மசாய் மக்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வாழ அனுமதிக்கப்பட்டனர்.

அக்காலத்தில் பிராங்பர்ட் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பெர்னார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைபோல் வண்ணம் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து விலங்குகளைக் கணக்கெடுத்தனர். 1959 ஜனவரியில் அவ்விமானம் கழுகுடன் மோதி விழுந்து, 24 வயது மைக்கேல் உயிரிழந்தார். அவர்கள் எடுத்த ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்று, செரெங்கெட்டியை உலகறியச் செய்தது. அத்தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும் கிர்சிமெக், மக்களும் மந்தைகளும் இல்லாத பூங்காவையே விரும்பினார்.

பின்னர் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1961இல் வில்டபீஸ்ட் சுமார் 260,000 இருந்தது. 1977இல் அது 1.3 மில்லியனைத் தாண்டியது. பூங்காவின் எல்லைக்காவல் மட்டும் இப்பெருக்கத்திற்குக் காரணமன்று. சுற்றுப்புறத்து மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடப்பட்டது. மாட்டிடம் நோய் ஒழிந்ததும் 1960களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட் கன்றுகளும் பிழைக்கத் தொடங்கின. மேய்ப்பரின் மாடு நலம்பெற்றபோது காட்டின் மானும் நலம்பெற்றது. மாடும் மானும் பகையென்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டது.

மசாய் மக்களின் துயரமோ அவ்வாறு ஒழியவில்லை. இங்கோரோங்கோரோவில் வாழ்வோரைத் தொலைவிலுள்ள ம்சோமேராவிற்கு இடம்பெயர்க்கும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது, எதிர்ப்பும் எழுந்தது. 1959இல் தரப்பட்ட வாக்குறுதி என்னாயிற்று என்பதே அவர்களின் கேள்வி.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு சில பெற்றோர்க்குக் கிட்டலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் மந்தைகளைக் காணலாம், கண்கொள்ளாக் காட்சிதான். வாய்ப்பில்லாதவர் வகுப்பறையில் படமாகக் காண்போம். எவ்வாறு காட்டினாலும், சிங்கத்தின் பெயரோடு அம்மண்ணில் மாடு மேய்த்தவர்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

அந்த மாணவிக்கு நாளை வகுப்பில் இதனைக் கூறவிருக்கிறேன்: "மனிதர்கள் இருந்தார்கள் அம்மா. அவர்களை அங்கிருந்து போகச் சொன்னார்கள். அதனால்தான் படத்தில் நீ அவர்களைக் காணவில்லை."